கோவா அவியும் மணம்

கோவா அவியும் மணம் எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். பிடிக்காது என்பது பாகற்காயைப் பற்றிச் சொல்கிற பேச்சு. கோவா, அதாவது முட்டைக்கோஸ், அவிந்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். வாயில் உப்புத்தண்ணீர் ஊறும். ஓங்காளம் தொண்டைவரை வந்து நிற்கும். கால்கள் என்னைக் கேட்காமலே வாசல் பக்கம் திரும்பும். ஐம்பத்தாறு வயதில், மூன்று மொழிகளில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒருத்தி, ஒரு மரக்கறிக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடுகிறாள். நினைக்கவே அரியண்டமாக இருக்கிறது. இதில் நான் மட்டும் கெட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் இதனால் இன்னொரு பெண்ணின் பிழைப்பு கெட்டது, அதைக் கெடுத்தவள் நான்.

நான் கொழும்பு, புதுக்கடை நீதிமன்றங்களை அண்டிப் பிழைக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகரத்துத் தீர்ப்பு என்று வருவதை எல்லாம் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, அடியில் ‘இது உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று எழுதி, கையெழுத்திட்டு, என் றப்பர் முத்திரையைக் குத்துவேன். அந்த முத்திரை விழுந்த தாளை எந்த அரசாங்கக் கந்தோரிலும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் நானும் கணவரும் இருக்கிறோம்.

எல்லாம் தொடங்கியது, வீடுகளில் காஸ் அடுப்புகள் வெடிக்கும் செய்தி தினமும் வந்துகொண்டிருந்த மாதங்களில். ஊர் முழுக்கப் பயந்துதான் கிடந்தது. எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எங்கள் ஒரே மகன் வெளிநாட்டுக்கென்று புறப்பட்டு, இடையில் ஏதோ ஒரு நாட்டில் நின்றுபோய், ஒன்பது நாட்களாக ஒரு செய்தியும் இல்லை. ஒன்பது நாட்களும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனேன்.

பத்தாம் நாள் பகல், தேத்தண்ணீர் வைக்க அடுப்படிக்குப் போனேன். ஒரு கையில் தொலைபேசி, மற்றக் கையில் லைற்றர். அடுப்பின் திருகைத் திருப்பிவிட்டு, ஏதோ செய்தி வந்த சத்தம் கேட்டதுபோல இருக்க, திரையைப் பார்த்தேன். யாரோ அனுப்பிய காலை வணக்கப் படம். அதைத் திட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் காஸ் சேர்ந்துவிட்டது. லைற்றரை அமுக்கினேன். பக்கென்று ஒரு நீல நெருப்பு என் முகத்துக்கு நேரே எழும்பி அணைந்தது. அவ்வளவுதான். ஒரு புருவம் கருகியது. பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கணவரின் கையில் மயிர் பொசுங்கியது. காஸின் அழுகிய முட்டை நாற்றமும் கருகிய மயிரின் நாற்றமும் சேர்ந்து அடுப்படி முழுக்க நின்றது. நான் கழுவுதொட்டிக்குள் சத்தி எடுத்தேன்.

அன்று பின்னேரமே மகன் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த நாள் காலை கணவர் ஒன்றும் நடக்காததுபோல அதே அடுப்பை மூட்டித் தேத்தண்ணீர் ஊற்றினார்.

“ஒருக்கா பத்தினதுக்கு வாழ்நாள் முழுக்கப் பச்சைத்தண்ணி குடிக்கிறதே? வாரும், வந்து குடியும்,” என்றார்.

ஒரே நெருப்பு. ஒரே நேரம். அவருக்கு அது ஒரு நாள் கதை. எனக்கோ அது உடம்புக்குள் போய்க் குந்திக்கொண்டது. அவரும் அந்தப் பிள்ளைக்கு அப்பாதான். ஆனால் அந்த ஒன்பது நாட்களும் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். நான் விழித்திருந்தேன். அதற்காக அவரோடு எவ்வளவு சண்டை பிடித்திருப்பேன்! கடைசியில் தூங்கிய மனிதர்தான் ஒழுங்காக இருக்கிறார்.

அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் சவர்க்காரத் தண்ணீர்ச் சோதனை நடந்தது. நுரையைத் தொட்டு சிலிண்டரின் ரெகுலேற்றரிலும் டியூப்பிலும் பூசுவது. குமிழி வந்தால் கசிவு, வராவிட்டால் சுகம். மற்றவர்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு விட்டார்கள். நான் காலையிலும் மாலையிலும் பூசினேன். பிறகு சமைக்கமுன், சமைத்தபின், வெளியே போகமுன், வந்தபின். ஒரு நாளும் ஒரு குமிழியும் வந்ததில்லை. அதைக் கண்ணால் கண்டபின் வருகிற ஆறுதல் அரை மணித்தியாலம் நிற்காது. சிலிண்டரின் கழுத்தில் சவர்க்காரம் காய்ந்து ஊத்தையாகத் திரண்டது, அடுப்படி நிலம் காலில் ஒட்டியது. எங்கள் அடுப்படியைப் போல ஒரு அருவருப்பான அடுப்படியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. காஸுக்குப் பயந்த மூக்கு, பிறகு அவித்த முட்டைக்குப் பயந்தது. பிறகு கழிவுத்தண்ணீர்க் குழாய்க்கு. மழை பெய்து கால்வாய் நாறினால் அதற்கு. உள்ளிப்பூண்டை வதக்கினால் அதற்கு. இவற்றில் ஒன்றும் என்னைச் சுட்டதில்லை. சுட்ட ஒன்றை விட்டுவிட்டு, அதற்கு மாமன் மச்சான் முறையான மணங்களை எல்லாம் தேடித் தேடிப் பயந்தேன். அந்தப் பட்டியலில் கடைசியாக வந்து சேர்ந்ததும் எல்லாவற்றிலும் கேவலமானதும்தான் கோவா.

அது வந்தது எதிர்வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தபோது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து முதுகு உடைந்த மனிதர், கட்டிலை விட்டு எழும்பமாட்டார். மனுசி நாற்பத்தைந்து வயது, வாட்டசாட்டமான ஆள். மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டி விற்றுத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். வெள்ளவத்தையில் கந்தோர்களும் வகுப்புக்கு வந்து தங்கும் பிள்ளைகளும் அதிகம் என்பதால்தான் அங்கே வீடு எடுத்தாள். பருப்பு, ஒரு மீன்குழம்பு, சம்பல், கோவா வறை. மலிவான மரக்கறி என்பதால் கோவா தினமும் இருக்கும். ஒரு பெரிய பானையில் அதை முதலில் அரைவாசி அவித்து எடுப்பாள்.

அவளுடைய இடது முன்கையில் முழங்கைவரை சுருங்கிய ஒரு தழும்பு இருந்தது. வந்த புதிதில் அதைப் பற்றிக் கேட்டேன்.

“அது பழைய கத அக்கா. காஸ் டியூப்பு வெடிச்சுப்போய் இருந்திச்சு, நான் கவனிக்கல. கையில பிடிச்சிருச்சு.”

“பிறகும் காஸில சமைக்கிறீங்கள்? பயமில்லையோ?”

“அடுப்புக்கு என்னக்கா பயம்? டியூப்புக்குத்தான் பயம். மாசம் ஒருக்கா கையால தடவிப் பாப்பேன். வெடிப்புத் தெரிஞ்சா மாத்திருவேன்.”

எனக்கு அவள்மீது பொறாமை வந்தது. அவளைச் சுட்டது என்னைச் சுட்டதைவிடப் பத்து மடங்கு. அவளோ பயப்பட வேண்டிய சாமானைச் சரியாகப் பிடித்து, அதற்கு மட்டும் பயந்துகொண்டு, மற்ற வேலையைப் பார்க்கிறாள்.

முதல் தடவை அந்த மணம் வந்தபோது பகல் பத்தரை இருக்கும். நான் ஓடிப்போய் அவளுடைய கதவைத் தட்டினேன். அவள் சிரித்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டு, பானை மூடியைத் திறந்து காட்டினாள்.

“கோவா அக்கா. கோவா அவிஞ்சா இப்பிடித்தான் மணக்கும்.”

இரண்டு பேருமாகச் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தோம். குமிழி இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் திரும்பப் போய்த் தட்டினேன். மூன்றாம் நாள் அவள் கதவைத் திறந்து சவர்க்காரத் தண்ணீர்க் கிண்ணத்தை என் கையில் தந்தாள். நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கப்படவில்லை, ஆத்திரப்பட்டேன். ஒரு கிழமை கழித்து அவளே ஒரு காஸ் மெக்கானிக்கைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் சோதித்து, என் முன்னாலேயே ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல வைத்தாள். அவன் சரியாகப் பார்க்கவில்லை என்று நான் கணவரிடம் சொன்னேன். அவனுடைய அழுக்கு நகங்களைக்கூடக் குறை சொன்னேன்.

பிறகு செய்ததை எழுதக் கை கூசுகிறது. தொடர்மாடியை நடத்தும் முகாமைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘மேற்படி வீட்டிலிருந்து எரிவாயு கசியும் மணத்தைப் பல தடவைகள் நேரில் உணர்ந்தேன் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்’ என்று தமிழில் எழுதி, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றி, மூன்று தாளிலும் கையெழுத்திட்டு, மூன்றிலும் என் முத்திரையைக் குத்தினேன். கணவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

“முறைப்பாட்டுக் கடிதத்துக்கு ஏன் சீல்?”

“கை பழகிப்போச்சு,” என்றேன்.

பொய். என்னை நம்ப வேண்டும் என்பதற்காகவே குத்தினேன். நூற்றுக்கணக்கான மனிதர்கள் நம்பிக் கொண்டுபோகும் முத்திரையை, கோவாவுக்குப் பயந்த என் மூக்குக்குச் சாட்சியாக வைத்தேன். என் தொழிலில் இதைவிட ஊத்தை வேலை வேறொன்றும் இல்லை.

கீழ்மாடி அறையில் கூட்டம் வைத்தார்கள். குழுச் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற மனிதர். கடிதத்தை மூன்று மொழியிலும் வாசித்தார். வாசிக்க வாசிக்க மற்றவர்களின் முகம் மாறுவதைக் கண்டேன். முதலில் நான்காம் மாடி அம்மா தனக்கும் மணந்தது என்றார். பிறகு ஆறாம் மாடிக்காரர். இரண்டாம் மாடியில் ஒருவர், பகல் முழுக்க ஊரின் மறுபக்கம் தெமட்டகொடையில் வேலையில் நிற்பவர், தனக்குத் தொண்டை எரிவதாகச் சொன்னார். அதுவரை ஒருத்தருக்கும் மணக்காத காஸ் என் கடிதத்தைக் கேட்டபின் மாடி மாடியாக மணந்தது. எல்லோரும் அந்த வருடங்களில் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று, மின்வெட்டில் இருட்டில் இருந்து, நொந்துபோன சனங்கள். அவர்களைப் பயப்படுத்த என் மூன்று தாள் போதுமாக இருந்தது.

அவள் எழும்பி நின்றாள்.

“கோவாதான் சேர். வந்து பாருங்க. இப்பவே வாங்க.”

ஒருத்தரும் போகவில்லை. தொடர்மாடிக்குள் விற்பனைக்குச் சமைக்கக்கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் அறிவித்தார்கள். அவர் வீட்டை விடச் சொன்னார். அந்த மாத முடிவில் அவர்கள் போனார்கள். புருஷனை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்து இரண்டு பேர் தூக்கினார்கள். நான் கதவைத் திறக்காமல், கதவு ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு வந்தது நிம்மதி. அதையும் ஒளிக்காமல் எழுதத்தான் வேண்டும்.

இரண்டு கிழமை கழித்து, பகல் பத்தரைக்கு, அதே மணம் வந்தது. எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. அடுப்பும் இல்லை, சிலிண்டரும் இல்லை. கீழே ஏதோ வீட்டில் கோவா அவித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். என் கால்கள் அதைக் கேட்கவில்லை. ஐந்து மாடியும் படியால் ஓடி இறங்கி, ஒழுங்கையில் செருப்பில்லாமல் நின்று மூச்சு வாங்கினேன். நெஞ்சு அடித்த அடியில் மாரடைப்பு என்றே நினைத்தேன்.

கணவர் பக்கத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். டொக்டர் எங்கள் மகனின் வயதுப் பெண். இதயத் துடிப்புப் படம், இரத்தம், தைரொயிட், எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் சொன்னாள்.

“எல்லாம் நோர்மல் அன்ரி.”

“அப்ப எனக்கு என்ன வருத்தம்?”

“வருத்தம் ஒண்டுமில்லை. நீங்கள் சுகமான ஆள்தான்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. நோய் என்று ஒரு பெயராவது தந்தால் அதன் தலையில் பழியைப் போடலாமே! அவள் பொறுமையாகக் கேட்டாள். நெருப்புப் பத்தின நாளைப் பற்றி, மகனைப் பற்றி, அந்த ஒன்பது நாட்களைப் பற்றி, எதிர்வீட்டுக் கோவாவையும் சவர்க்காரத் தண்ணீர்ச் சோதனையையும் பற்றி எல்லாம் சொன்னேன்.

“பயத்தைப் படிக்க ஒருநாள் போதும் அன்ரி,” என்றாள். “பயப்படத் தேவையில்லை எண்டு படிக்கத்தான் நாள் எடுக்கும். மனம் அமைதியா இருக்கிற ஆள், இது சுடும், இது சுடாது எண்டு பிரிச்சுப் படிக்கும். அந்தரப்பட்டுக்கொண்டிருக்கிற ஆளுக்கு அந்தப் பிரிப்பு வடிவா விளங்காது. சாயல் இருக்கிற எல்லாத்துக்கும் பயம் வரும். ஒண்டும் நடக்கேல்லை எண்டு நூறுதரம் கண்டாலும் மனசில நிக்காது. இது ஆருக்கும் வரலாம்.”

“அப்ப அந்த மனுசியின்ர வீட்டில காஸ் கசியேல்லை?”

“அதை நான் எப்பிடிச் சொல்ல? குமிழி வந்ததே?”

வரவில்லை. ஒரு நாளும் வரவில்லை. அந்தப் பெண் அதைக் கிண்ணத்தோடு என் கையில் தந்து காட்டினாள்.

அன்றே செயலாளரிடம் போய், கடிதத்தைத் திருப்பி எடுக்க வேண்டும், எனக்கு மணந்தது கோவாதான் என்று சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“தங்கச்சி, உங்களுக்கு இப்ப மணக்கேல்லை எண்டு சொல்லுறீங்கள். சரி. எங்களுக்கு மணந்ததே? என்ர மனுசி இப்பவும் படுக்கமுன்னம் ஒருக்கா சவர்க்காரம் பூசித்தான் படுக்கிறா. அந்தக் கதையை விடுங்கோ.”

என்னால் ஒரு கட்டடமே நுரை பூசிக்கொண்டிருந்தது. எனக்கு என் வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

வாசல் காவலாளியிடம் அவளுடைய புது விலாசம் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பேச வேண்டிய வசனங்களை வழியெல்லாம் ஒழுங்குபடுத்தினேன். அவளுடைய முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்வது, அவள் எவ்வளவு ஏசினாலும் கேட்பது, அவள் சமைத்துக்கொண்டிருந்தால் அந்த அடுப்படியிலேயே நிற்பது. மணம் எவ்வளவு அடித்தாலும் அசையக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு அரை வீடு. கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ அவசரமாக இழுபடும் சத்தம். பிறகு கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

“அக்காவா? வாங்க, வாங்க. கெதியா உள்ள வாங்க.”

நான் நுழைந்ததும் கதவைச் சாத்தி, அதன் அடியில் ஒரு ஈரத்துவாயை மடித்து அடைத்தாள். ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, மறுமூலையில் கட்டிலில் அவளுடைய புருஷன் மேல்சட்டை இல்லாமல் வியர்த்துக் கிடந்தார். சுவரெல்லாம் ஆவி வழிந்தது. இருந்த ஒரே யன்னலும் பூட்டியிருந்தது, இடுக்குகளில் கடதாசி செருகியிருந்தது. காஸ் எரிகிற அறையில் இப்படி மூடி அடைப்பதுதான் உண்மையான ஆபத்து. அது எனக்கே தெரியும். டியூப்பைத் தடவிப் பார்க்கத் தெரிந்த அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

“யன்னலைத் திறக்கலாம்தானே?” என்றேன்.

“தொறந்தா மணம் வெளிய போயிரும் அக்கா. பக்கத்துல யாராச்சும் ஏதும் எழுதிக் குடுத்துட்டா... இவர இன்னொரு தரம் தூக்கிட்டுப் போக ஏலாது.”

“அந்தக் கடிதம் எழுதினது நான்,” என்றேன். ஒழுங்குபடுத்திய வசனங்களில் வேறொன்றும் வரவில்லை.

“தெரியும் அக்கா. சீல்ல உங்க பேர் இருந்திச்சே.”

“எனக்கு மணந்தது காஸ் இல்லை. கோவாதான். பயத்தில எழுதிட்டன். பிழை என்னில.”

அவள் ஏசவில்லை. வெளியே சந்தில் யாரோ நடந்து போனார்கள். அவளுடைய கை தானாகப் போய் அடுப்பைக் குறைத்தது. காலடிச் சத்தம் தூரப் போகும்வரை திருகிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“முந்தி எனக்கு டியூப்புக்கு மட்டுந்தான் பயம்,” என்றாள். “இப்ப யார் நடந்தாலும் பயம் அக்கா. மூடியத் தொறக்க முந்தி கதவப் பாக்கிறேன். சிரிப்பா இருக்கில்ல?”

சிரித்தாள். அடுப்பைக் கூட்டினாள். பானை கொதித்து, மூடி எழும்பி, கோவா மணம் அந்த அடைத்த அறைக்குள் குபுக்கென்று வந்தது. நான் அசையவில்லை. கால்களை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நிற்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய முகம் மாறியதைக் கண்ட பிறகுதான், சேலைத் தலைப்பை எடுத்து நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது.

“மன்னிச்சுக்கங்க அக்கா,” என்று சொல்லி, கோவா அரைவேக்காட்டில் இருக்க, அவள் அடுப்பை அணைத்தாள்.